அறுபதுக்கு நாற்பது

மில்வாக்கியில் பிப்ரவரி.
பன்னிரண்டாம் மாடிக்குக் கீழே
பாதி உறைந்து கிடக்கிறது மிச்சிகன் ஏரி.
மீதிப் பாதி
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

என் நிதியின் பெயரில் 'சமநிலை' என்றொரு சொல் உண்டு.
நூற்றில் அறுபது பங்குகளில்,
நாற்பது கடன்பத்திரங்களில்.
ஒன்று இறங்கினால் மற்றது தூக்கிப் பிடிக்கும் என்று
விளக்கக் கையேட்டில் படம்கூடப் போட்டிருந்தோம்:
ஒரு சீசா, இரண்டு குழந்தைகள்,
நீலச் சட்டை, மஞ்சள் சட்டை.

இந்த வாரம் இரண்டுமே
தரையில் உட்கார்ந்திருக்கின்றன.
வட்டி ஏறினால் பத்திரம் சரியும்,
முதல் வருட மாணவனுக்கும் தெரியும்.
பங்கும் கூடவே சரியலாம் என்பது
எனக்கும் தெரியும்.
தெரிந்ததை எந்தக் கோப்பில் வைத்தேன் என்பதுதான்
மறந்துபோயிற்று.

டெல்ராய் பெட்டிஸ் திரையிலிருந்து கண்ணெடுக்காமல்
எண்களை வாசிக்கிறான்.
வானிலை அறிக்கைக் குரல் அவனுக்கு;
புயலுக்கும் தூறலுக்கும் ஒரே தொனி.
"பணம் திரும்பக் கேட்பவர்கள்
இன்று நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
எதை விற்கலாம், ரோஸ்வித்தா?"

இங்கேதான் இருக்கிறது
எங்கள் தொழிலின் வெட்கம்.
விற்க நினைப்பதை வாங்க ஆளில்லை,
வாங்க ஆளிருப்பதை விற்க மனமில்லை.
வாசலில் நிற்பவர்களுக்கு
வீட்டில் இருப்பதிலேயே நல்லதை எடுத்து நீட்ட வேண்டும்.
முதலில் அரசுக் கருவூலப் பத்திரங்கள்,
பிறகு தண்ணீர்க் குழாய்க் கம்பெனி,
பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு,
பற்பசைக் கம்பெனி.
ஓஹையோ மருத்துவமனை ஒன்றுக்குக் கொடுத்த கடன் மட்டும்
ஜாதகம் ஒத்துவராத வரனைப் போல
விலை கேட்பாரின்றிக் கிடக்கிறது.
போகிறவர்கள் காசோடு போகிறார்கள்.
இருப்பவர்களோடு இருக்கிறது
அந்த மருத்துவமனை.

மதியம் ஒரு தொலைபேசி,
வழி தவறி என் மேசைக்கு வந்தது.
ஷெபாய்கனிலிருந்து ஆர்லின் ஸ்டோபா.
முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவராம்.
"எடுத்துவிடட்டுமா?"
ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதியில்லை.
அதற்கென்று எழுதி வைத்த வாக்கியம் ஒன்று உண்டு;
சொன்னேன்.
"அது கிடக்கட்டும்" என்றார்.
"சாலையில் பனி கண்ணாடியாகிவிட்டால்
பிரேக்கைத் தொடக்கூடாது, எனக்குத் தெரியும்.
ஸ்டியரிங்கில் ஆள் இருக்கிறதா, அதைச் சொல்."
இருக்கிறேன் என்றேன்.
பதிவாகும் இணைப்பு அது.
சட்டப் பிரிவு இதுவரை கூப்பிடவில்லை.

மறுநாள் பட்டியலில் பெயர்கள் இல்லை,
கணக்கு எண்ணும் ஊரும் மட்டும்.
ஷெபாய்கன் என்று ஒன்று இருந்தது.
பாதிப் பணம்.
அவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.
மிச்சமிருந்த கருவூலப் பத்திரத்தை
விற்றுக் கொடுத்தேன்.

இதற்கிடையில் அறுபது
ஐம்பத்தாறாகத் தேய்ந்திருந்தது.
விழுந்ததை வாங்கித்தான்
மறுபடி அறுபதாக்க வேண்டும்.
விதி அது, என் கையெழுத்தோடு இருக்கிறது.
தெம்பான நாளொன்றில் எழுதியது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
இது ஏரி. அதுவும் என் காசில்லை.
முதலீட்டாளர்களுக்கான கடிதத்தில்
'பொறுமை' என்று தட்டினேன், அழித்தேன்.
அடுத்தவர் பொறுமையை
எவ்வளவு சுலபமாகச் செலவழிக்கிறோம்.

ஜன்னலுக்கு வெளியே ஒருவர்
மீன்பிடிக்கப் போகிறார் ஏரிமேல்.
இரும்புக் கம்பியால் முன்னால் ஓங்கிக் குத்திவிட்டு
ஒரு எட்டு.
மறுபடி குத்தல், மறுபடி ஒரு எட்டு.
பதினொன்றாவதில் நின்றார்.
திரும்புவார் என்று நினைத்தேன்.
அங்கேயே வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து
துளை போடத் தொடங்கினார்.

"எவ்வளவு வாங்கட்டும்?" என்கிறான் டெல்ராய்.
ஒரு சதவீதம் என்கிறேன்.
"இன்றைக்கா?"
இன்றைக்கு ஒன்று.

மீன் சிக்கியதா என்று பார்க்கவில்லை.
சந்தை மூட
இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.