மெய்ப்பு

மந்திரியின் சிரிப்பு எங்கள் கணினியில்
தனிக் கோப்பாக இருக்கிறது,
கழுத்துக்கு மேல் மட்டும்.
கழுத்துக்குக் கீழே நான் மாற்றுவேன்.
தைப்பூசத்துக்குப் பட்டு வேட்டி,
சீனர் புத்தாண்டுக்குச் சிவப்புச் சட்டை,
சிவராத்திரிக்குக் காவித் துண்டு.
ஈதுக்குத் தொப்பி, அது கொஞ்சம் சிரமம்,
காதோரம் வெட்டிய இடம் தெரியும்.
செப்டம்பரில் லவால் பாதிரியார் கல்லறைக்கு நடப்பவர்களுக்காக
கையில் ஒரு மெழுகுவர்த்தி.
சிரிப்பு அதேதான்.
ஒரு தேர்தலில் பல்லை வெளுக்கச் சொன்னார்கள்.

ரோஸ்ஹில், சந்தைக்குப் பின்சந்து.
மெஷினில் ழான்-நோயல்.
மை கலப்பவள் பீபி ஸாஹிரா.
முதலாளி லி-சிங் கல்லாவில் தூங்குவார்.
நான் மார்தேமூத்து:
மருதமுத்து என்று கப்பலேறியவர்
குமாஸ்தாவின் காதில் இறங்கியபோது அப்படி ஆனார்.
எங்களுக்குள் சண்டை உண்டு,
மின்விசிறி யார் பக்கம் திரும்புவது என்று.

தேர்தல் வந்தால் கட்சி ஏஜெண்ட்
நால்வரையும் தனித்தனியே சந்துக்கு அழைத்துத்
தோளில் கைபோடுவார்.
"உங்களுக்கு ஒருத்தரை நிறுத்தியிருக்கிறோம்."
எங்களுக்கு என்றால்?

வேட்பாளர் படிவத்தில் நாலு பெட்டி.
இந்து, முஸ்லிம், சீனர்,
இந்த மூன்றிலும் சேராத மிச்சம்.
என் மனைவி கிஸ்லேன் மிச்சம்.
நான் முதல் பெட்டி,
அதில் தமிழனுக்கு எந்த மூலை என்பது வேறு வழக்கு.
மகளை எதில் மடித்து வைப்பது?
கவலை வேண்டாம்.
நான் பிறக்கும் முன், எழுபத்திரண்டில் எண்ணிய தலைகளை வைத்தே
இன்னும் கூட்டிக் கழிக்கிறார்கள்.
செத்தவர்கள் சரிவிகிதத்தில் இருக்கிறார்கள்.

ரூபாய்த் தாளில் தமிழ் ஒரு வரி கீழிறங்கியபோது
நானும் தெருவுக்குப் போனேன்.
தொண்டை கட்டக் கத்தினேன், வெட்கமில்லை.
கத்திவிட்டு வந்து அந்த வரியைப் பார்த்தேன்.
எனக்குப் படிக்கத் தெரியவில்லை.
அதற்குப் பிறகுதான் மாலை வகுப்பு.
நாற்பது பேர் சேர்ந்தோம், ஆறு பேர் முடித்தோம்.

இந்த ஜனவரியில் மார் ஒ வக்வா ஏரியின் சேறு வெடித்தது.
குழாய் விடிகாலை நாலு மணிக்கு ஒருமுறை இருமும்,
அவ்வளவுதான்.
மந்திரி அலுவலகத்தின் ஆர்டர் வந்தது:
காவடிக்குப் பேனர், இருபது அடி,
தமிழில் ஏதாவது போடவும்.

ஏதாவது.

*குழாய் தண்ணீர் வந்து ஒன்பது நாள் ஆகிறது ஐயா*
என்று போட்டேன்.
பக்கத்தில் ஒரு மயில்.
அரைமணியில் மெய்ப்பு கையெழுத்தாகித் திரும்பியது.

கோர் தெ கார்த் மலையடியில் கட்டினார்கள்.
பால்செம்புகள் அதன் கீழே போயின,
அலகு குத்திய நாக்குகள் போயின.
மந்திரி அங்கேதான் நின்று மாலை வாங்கினார்.
நம் மொழி என்றார்.
நம் என்பதை இரண்டு முறை சொன்னார்.
தொலைக்காட்சி நிதானமாகக் காட்டியது,
மயிலைக் கொஞ்சம் கூடுதலாக.

வேலை போகும் என்று காத்திருந்தேன்.
போகாதா என்றும்.

எட்டாம் நாள் போன்.
மாலை வகுப்பு டீச்சர், மதாம் அர்னாசலோன்.
"அந்தப் பேனர் உங்கள் அச்சகமா?"
ஆமாம்.
"பிழை இருக்கிறது."
என் நாக்கு குழாயாயிற்று.
"குழாய்த் தண்ணீர். நடுவில் த் வர வேண்டும்.
கோவில் வாசலில், மார்தேமூத்து,
இத்தனை பேர் பார்க்கிற இடத்தில்!"
மற்றபடி? என்றேன்.
"மற்றபடி சரிதான்."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"எங்கள் தெருவில் பதினொன்று"
என்று வைத்துவிட்டார்.

திங்களன்று மந்திரி அலுவலகம் எழுதியது:
பேனர் பிரமாதம்.
சித்திரைப் புத்தாண்டுக்கு இருநூறு சுவரொட்டி,
அதே வாசகம். சட்டையை மட்டும் மாற்றவும்.

கோப்பைத் திறந்தேன்.
புள்ளி வைத்த அந்த எழுத்தை உள்ளே நுழைத்தேன்.
ஒன்பதை அழித்துவிட்டு
எத்தனை போட என்று ழான்-நோயலைக் கேட்டேன்.
மெஷினை நிறுத்திவிட்டு
மை படிந்த விரல்களை மடக்கி
ஏப்ரல் வரை எண்ணத் தொடங்கினான்.