ஐம்பத்து மூன்றாம் வாரம்

கோத்தன்பர்கில் மழை.
சமையல் மேசையில் இல்வா
பதினோரு வரிச் சோதனை ஒன்றை எழுதுகிறாள்:
வாரத்தைக் கொடுத்தால் வீட்டைத் தரும் சார்பு.
இரட்டைப்படை என் வீடு,
ஒற்றைப்படை சிக்ஸ்டன் வீடு.
நடுவில் மகள் தூவா, பையும் கையுமாக.

கம்பைலர் ஒரு குறையும் சொல்லவில்லை.

ஓட்டிப் பார்த்தாள்.
டிசம்பர் கடைசியில் ஐம்பத்து மூன்று, ஒற்றை.
அடுத்தது ஒன்று.
அதுவும் ஒற்றை.
பதினான்கு நாள்
குட்டி பூட்ஸ் இல்லாத வாசல்.

வகையையே இறுக்கினாள்:
ஒரே வீடு அடுத்தடுத்து
இருமுறை வரவே முடியாத பட்டியல்.
இப்போது திரையெல்லாம் சிவப்பு.
ஐம்பத்து மூன்றின் இடத்தில்
ஓர் அடிக்கோடு மட்டும் போட்டு
என்னதான் வேண்டும் உனக்கு என்றாள்.

வீடு வேண்டும், என்றது கம்பைலர்.
உன்னுடையது அல்லாத,
அவனுடையதும் அல்லாத வீடு.

இரவு பதினொன்றே கால்.
சிக்ஸ்டனுக்கு அதை அப்படியே
வாசித்துக் காட்டினாள் போனில்.
நெடுநேரம் பேச்சில்லை.
பிறகு,
"ஸ்டிர்ஸோ தீவில் அக்காவின் கேபின்
குளிர்காலம் முழுக்கக் காலிதான்.
மூன்று கட்டில்."

அங்கே ஹீட்டர் ஓடாதே, என்றாள் இல்வா.

அதற்கு அவள்
வகை எழுதியிருக்கவில்லை.