பதினேழாம் பக்கத்து நடைபிணம்

பனி உடைக்கும் கப்பல்தான். இன்று உடைக்கவில்லை.
கெமிக்குத் தெற்கே, பொத்னியா வளைகுடாவில்
எவராவது மாட்டிக்கொள்ளும்வரை
எஞ்சினைத் தாழ வைத்துக் காத்திருக்கிறோம்.
உணவறை மேசையில் அட்டை நகரம் விரிந்திருக்கிறது:
முனை மடங்கிய மருத்துவமனை,
காப்பிக் கறையில் பாதி மூழ்கிய தீயணைப்பு நிலையம்,
பச்சை பிளாஸ்டிக்கில் இருபத்தாறு நடைபிணங்கள்.
ஒன்றுக்குக் கை இல்லை.
பசியில் அதற்குக் குறைவில்லை.

பதினேழாம் பக்கம் சொல்கிறது:
'நடைபிணம் தன் முறை வந்ததும்
அண்மையில் உள்ள உயிரை நோக்கி ஒரு கட்டம் நகரும்.'
சூத்திரம் இவ்வளவுதான்.
உரை எழுத நாங்கள் நான்கு பேர்.

அண்மை என்றால்
காக்கை பறக்கும் அண்மையா, கால் நடக்கும் அண்மையா?
கேட்டவன் தௌனோ,
குழாய் வளைவுகளை அளந்தே தலை நரைத்த எஞ்சின்காரன்.
மூடிய கதவு வழியா, சுவரா?
'பசித்தவனுக்கு அது தாமதம், அவ்வளவுதான்' என்றாள் ரைலி.
பதினொரு குளிர்காலமாகச் சமையலறைக் கதவைச்
சாத்தி வைத்துப் பார்த்தவள்.
ஜெர்மனிலிருந்து பின்னிஷுக்கு வந்த வழியில்
ஒரு வாக்கியம் விழுந்திருக்கலாம் என்றாள் சனெல்மா.
நான் பிணங்களை நகர்த்துகிறவன்.
எனக்கென்று கருத்து கிடையாது.

கை இல்லாதது தெருமுனையில் நிற்கிறது.
வடக்கே ரைலியின் தபால்காரி: மூன்று கட்டம்.
கிழக்கே தௌனோவின் கூரைக்காரன்: மூன்று கட்டம்.
விரலால் எண்ணினோம்.
உருளைக்கிழங்குத் தோலை நீளமாய்ச் சீவி, அதை வைத்தும் எண்ணினோம்.
மூன்று, மூன்று.

பின்னட்டையில், அச்சகத்தின் முகவரிக்குக் கீழே,
எறும்பு எழுத்தில் கிடைத்தது:
'தொலைவு சமமெனில் ஆட்டக்காரர்களே முடிவு செய்க.'

இரண்டு மணி நேரம் விதியைத் திட்டிய வாய்கள்
இன்னொரு விதி இருக்காதா என்று
முதல் பக்கத்திலிருந்து புரட்டின.
'உன் ஆளுக்கு ஏற்கெனவே கால் உடைந்திருக்கிறது' என்றாள் ரைலி
மெதுவாக, ரொட்டித் தட்டைத் தௌனோ பக்கம் தள்ளியபடி.

அப்போது மேலிருந்து அழைப்பு.
இரண்டு சரக்குக் கப்பல்கள் பனியில் இறுகிவிட்டன.
ஒன்றில் மரக்கூழ், ஒன்றில் உப்பு.
மேற்கே ஒன்பது மைல். தெற்கே ஒன்பது மைல்.
சனெல்மா சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள்.
'பார்த்தால் தெரியும் எனக்கு' என்று சொல்லிவிட்டு
படியேறினாள். இரண்டாம் அதிகாரியின் பூட்ஸ் ஒலி
தலைக்கு மேல் நடந்தது, நின்றது,
கொஞ்ச நேரம் நின்றபடியே இருந்தது.

கொக்கியில் தொங்கிய கரண்டி சாய்ந்தபோதுதான்
கப்பல் திரும்புவது தெரிந்தது.
எந்தப் பக்கம் என்று கணக்குப் போடும் முன்
பனிமேட்டில் மோதினோம்.
நகரம் எழும்பி விழுந்தது.
இருபத்தாறும் கதவு பாராமல், கட்டம் பாராமல் சரிந்தன.
கை இல்லாதது தபால்காரியின் மேல் படுத்திருந்தது.

'இது நகர்வில் சேருமா?' என்றேன்.
'ஒரு முறைக்கு ஒரு கட்டம். இது மூன்று' என்றான் தௌனோ.
ரைலி தன் கோப்பையிலிருந்து
ஒரு பிணத்தை எடுத்து உதறினாள்.
'இதுவுமா?'

ஐந்து மணி நேரம் கழித்து இறங்கி வந்தாள் சனெல்மா,
புருவத்தில் பனித்தூள்.
எந்தக் கப்பல் என்று நாங்கள் கேட்கவில்லை.
மற்றது இன்னும் அங்கேயே நிற்கிறது என்று
அவளும் சொல்லவில்லை.
கை இல்லாததை எடுத்தாள்,
தெருமுனையில் திரும்ப நிறுத்தினாள்,
குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

'மூலைவிட்டமாய்ப் போகலாமா?' என்றாள்.
'அதை யாராவது பார்த்தீர்களா?'