பதினோராம் பக்கம்

ரொறன்ரோவிலிருந்து மிதுஷா அனுப்பிய பெட்டியில்
சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே
ஆறு புத்தகங்கள்.
"சித்தி, வகுப்புப் பிள்ளையளுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ"
என்று தமிழில் எழுத முயன்ற ஒரு துண்டு.
வாசிச்சுவில் ஒரு 'சு' கூடிப்போயிருந்தது.

இரவு, துண்டுகள் பறக்காமல் இருக்க
மின்விசிறியை நிறுத்திவிட்டு
ஒவ்வொரு பக்கத்து ஆங்கிலத்தின் மேலும்
என் தமிழை வெட்டி ஒட்டினேன்.
கப்பல் சுலபம். சங்கிலி சுலபம்.
ஏலத்துக்கு வந்தபோது
சந்தையில் வெங்காயம் கூறும் குரல் கேட்டது.
அந்தச் சொல்லையே எழுதி
'மனிசரை' என்று பக்கத்தில் சேர்த்தேன்.

அந்த மக்களின் பெயருக்கு மட்டும்
மூன்று துண்டு கிழித்தேன்.
நான் படித்த பாடப்புத்தகத்தில் இருந்த சொல் வேண்டாம்.
சுருட்டை முடியோடு பிறந்த பிள்ளையை
எங்கள் ஒழுங்கையில் கூப்பிடும் சொல்
அதைவிட வேண்டாம்.
கறுப்பின மக்கள் என்று எழுதி
பசை காயும்வரை
விரலால் அழுத்திப் பிடித்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை. ஆண்டு ஐந்து. கடைசிப் பாடம்.
பதினோராம் பக்கத்தில் ஒரு சுவர்,
சுவரில் இரண்டு குழாய்.
ஒன்று பளபளப்பு. ஒன்று துரு.
துருவின் முன்னால்
வெள்ளைக் காலுறை போட்ட ஒரு சிறுமி.

"ஏன் ரீச்சர் அவ மற்றக் குழாயில குடிக்கேலாது?"
சட்டம் என்றேன்.
"ஆர் போட்டது?"
வெள்ளைக்காரர் என்றேன், நிம்மதியாக.
அச்சுவேலியில் அப்படி ஒருவரும் இல்லை.

"சரியான கூடாத ஆக்கள்" என்றாள் கேஷாளினி.
எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்.
பாடம் அதோடு முடிந்திருக்கும்.
மணிக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.

கடைசி வாங்கிலிருந்து தனுஜன்,
கை உயர்த்தாமல்,
பென்சில் சீவிக்கொண்டே சொன்னான்:
"எங்கட பக்கமும் அப்பிடித்தானே.
மாமரத்து வீட்டுக் கிணத்தில
எங்கள அள்ள விடமாட்டினம்.
அவையள் அள்ளி ஊத்துவினம்.
நாங்கள் குடத்தைக் கீழ வைச்சிட்டு
தள்ளி நிக்கோணும்."

ஒருவன் சிரித்தான்.
பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள்.
மாமரத்து வீடு யாருடையது என்று
அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.
கேஷாளினி தன் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத்
திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

பிறகு, என்னைப் பார்க்காமல், அவளே கேட்டாள்:
"இஞ்ச ஆர் ரீச்சர் சட்டம் போட்டது?"

எங்கள் குசினி யன்னலில்
தனியே கவிழ்த்து வைத்த கோப்பை ஞாபகம் வந்தது.
நீலப்பூப் போட்டது, காது உடைந்தது.
போன சனிக்கிழமையும்
அதைத் தனியாகக் கழுவியவள் நான்.

"நாங்கள்" என்றேன்.
மணிச்சத்தத்தில்
எத்தனை பேருக்குக் கேட்டதோ.

இரவு அக்கா தொலைபேசியில் அழுதாள்.
"உந்தப் புத்தகங்களையே அனுப்பினவள்?
உனக்குத் தெரியாது.
ஒரு கறுவல் பெடியனோட திரியிறாளாம்.
ஊரில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."
பெடியனின் பெயர் என்ன என்று கேட்டேன்.
அதை அவள் கேட்டிருக்கவில்லை.

சனிக்கிழமை வேலியடைக்கத் தவராசா அண்ணை வந்தார்.
நாங்கள் குடிக்கும் கோப்பையில்
தேத்தண்ணி கொண்டுபோய் நீட்டினேன்.
கை கொஞ்சம் நடுங்கியது,
கொடுக்கிறேன் என்ற பெருமையிலோ என்னவோ.

அவர் கோப்பையைப் பார்த்தார்,
எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்,
ஓலையில் கையைத் துடைத்தார்.
"எனக்கு அந்த நீலத்திலேயே தாங்கோ பிள்ளை.
நாளைக்கும் நான் இஞ்ச வேலைக்கு வரவேணும்."

யன்னலுக்குப் போய் அதையும் எடுத்து வந்தேன்.
ஒரு கையில் ஒன்று,
மறுகையில் மற்றது.
முற்றத்து வெயிலில்
பதினோராம் பக்கம் போல நின்றேன்.

உள்ளே அம்மா இருமுவது கேட்டது.
தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.