சிறுகோடு

திருக்கோணமலை: திருகோணமலை காண்க.
திருமலை: திருகோணமலை காண்க.
கோணமலை: அதையே காண்க.
வெள்ளைக்காரன் வரைபடங்களில் கிடந்த
ஒன்பது எழுத்துக்கூட்டல்களுக்கும்
ஒவ்வோர் அட்டை எழுதி
எல்லாரையும் ஒரே வாசலுக்கு அனுப்பிவிட்டுத்
தேத்தண்ணி குடிக்கப் போனேன்.
எந்தப் பெயரில் தேடி வந்தாலும்
ஆள் வழிதவறக் கூடாது.
சம்பளம் அதற்குத்தான்.

கணனி வந்து ஆறு வருசம்.
கரண்ட் போகிற பின்னேரங்களை நினைத்து
அட்டைப் பெட்டியை நான் விடவில்லை.
உப்புக்காற்றில் ஊதிய இழுப்பறைகள்:
'க' திறக்க ஒரு தட்டு,
'ம' திறக்க முழங்கால்.

கிண்ணியாவிலிருந்து உதுமாலெவ்வை
ஒரு சீஆர் கொப்பியோடு வந்தார்.
"வீட்டில வச்சாக் கறையான் தின்னுது.
இங்க வையுங்க."

'மார்ச் 9. வாடை இறங்கிட்டு.
கீரிமீன் இருபது கிலோ. டீசல் கடன்.'
'ஜூன் 2. கச்சான். போகல்ல.'
'ஆகஸ்ட் 17. சோழகம். ரெண்டு வலை அறுந்தது.
மகனுக்குக் காய்ச்சல்.'

காற்று என்றால் 551.
மீன்பிடி 639.
கடன் 332. காய்ச்சல் 616.
ஒரு மனிதனின் வாழ்க்கை என்றால் 920.
அதற்கு அவர் பிரபலமாய் இருக்க வேண்டுமென்று
விதியில் எங்கும் இல்லை,
மங்களேஸ்வரன் சேரின் முகத்தில் இருந்தது.

அட்டை எத்தனையும் எழுதலாம்,
கொப்பிக்கு நிற்க இறாக்கையில் ஓரிடம்தான்.
மூன்று நாள் மேசையிலேயே கிடந்தது.
"மணத்துப் பாருங்கோ அக்கா, 639தான்"
என்றாள் யசோமி.
நான் காற்றில் வைத்தேன்.
முத்திரை குத்தி, சேர்வு இலக்கம் போட்டு,
முதுகில் எண் ஒட்டி.

அடுத்த வெள்ளி, ஜும்ஆ முடிய வந்தவர்
கொப்பியை எடுத்து
வாசிப்பு மேசையில் குனிந்து
எழுதிக்கொண்டிருந்தார்.

விதி ஏழு: நூல்களில் எழுதுவோருக்குத் தண்டம்.
சொல்லத்தான் எழும்பிப் போனேன்.
"நேத்துக் கொண்டல் தொடங்கிட்டு.
எழுதாம விட்டாக் கொப்பி பொய் சொல்லும்,
தங்கச்சி."

அதற்கடுத்த வெள்ளியும்.
அதற்கடுத்ததும்.

பிறகுதான் உறைத்தது:
நான் பகுத்தது நூலையே அல்ல.
நாளிதழ் போல, துறைமுகத்து ஆண்டறிக்கை போல
இது வந்துகொண்டிருப்பது.
அப்படியானவற்றுக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு.
தொடங்கிய ஆண்டு, ஒரு சிறுகோடு,
பிறகு வெறும் இடம்.

பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாய் எழுதினேன்.
உதுமாலெவ்வை, 1976 –
காற்றுக் கொப்பி, 2009 –

அன்றைக்கு முழுக்கப் பெட்டியில்
கோடுகளாகவே கண்ணில் பட்டன.
எனக்கு முன்னிருந்தவர்கள்
நீல மையில் மூடியவை,
கறுப்பு மையில் மூடியவை.
இன்னும் சில.
எதிரே ஓர் ஆண்டு எழுத வேண்டுமென்று
இந்த ஊருக்கே தெரிந்தவை.
ஆதாரம் இல்லாமல் நாங்கள் ஆண்டு எழுதுவதில்லை.
ஆதாரம் கேட்டு
அந்த வீடுகள் இன்னும் எங்கெங்கோ
கடிதம் போட்டுக்கொண்டிருக்கின்றன.
இழுப்பறையை முழங்காலால் சாத்தினேன்.

இந்த வெள்ளி அவர் வரவில்லை.
ஐந்து மணிக்குப் பூட்டவேண்டும்.
வாசலில் மான் ஒன்று
கழித்துப்போட்ட பத்திரிகையை
விளையாட்டுப் பக்கத்திலிருந்து தின்றுகொண்டு நின்றது.
யசோமி விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைத்து வந்தாள்.

யன்னலைத் திறந்து
கையை வெளியே நீட்டிப் பார்த்தேன்.
551க்குப் போய்க் கொப்பியை எடுத்து
அவருடைய கடைசி வரிக்குக் கீழே
பென்சிலால்,
விதி ஏழு தெரிந்தே,
எழுதினேன்:

'டிசம்பர் 12. வாடை.
ஆள் வரல்ல.'