ஒன்று தள்ளி

டண்டீயில் அக்டோபர். கடல்மூட்டம்
டே ஆற்றுப் பாலத்தைப் பாதிவரை தின்றுவிட்டு
அப்படியே நின்றது.
பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள் ஒக்பின்.
பத்தேகால். பத்தரை.
முதல் மாடி, வலப்புறம், பார்லி அறை என்று
நான்தான் எழுதி அனுப்பியிருந்தேன்.

திரையில் ஆர்க்னித் தீவின் பழைய பார்லி ஒன்று.
ஐந்நூறு கோடி எழுத்து.
எழுத்தென்றால் நான்கே நான்கு,
மூச்சு விடாமல், மாறி மாறி.
அதில் ஓரிடத்தில் மட்டும் ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ.

எங்கள் நிரல் சொல்கிறது: பாதகமில்லை.
தேஜோனில் அவர்கள் நிரல் சொல்கிறது:
புரதம் பாதியில் அறுந்தது.
ஒரே கோப்பு, ஒரே கேள்வி.
பதில்கள் மட்டும் பங்காளிகளைப் போல
முகத்தைத் திருப்பிக்கொண்டன.

ஆறு மாதம் அஞ்சல் போனது, வந்தது.
பதிப்பு வேறாக இருக்கலாம் என்றோம். இல்லை.
குரோமோசோமின் பெயருக்கு முன்னால்
அவர்கள் மூன்று எழுத்து சேர்க்கிறார்கள்,
நாங்கள் சேர்ப்பதில்லை,
தொப்பி போட்டவனைத் தெரியாது என்கிறது இயந்திரம்.
அதையும் திருத்தினோம். இல்லை.
லைடனில் ஒரு தரவுத்தளம் இருந்ததே, அதில் பார்க்கலாம் என்றாள்.
அதைக் கவனித்தவர் விடுப்பில் போய்த் திரும்புவதற்குள்
நிதி தீர்ந்துவிட்டது.
சுட்டி இன்னும் இருக்கிறது,
குடிபெயர்ந்த வீட்டின் அழைப்புமணி போல.

நான் இதைவிட மோசமானதையும் பார்த்திருக்கிறேன்.
முந்தைய வேலையில், மனித மரபணுப் பட்டியலில்,
மார்ச்-ஒன்று என்ற பெயரை
அட்டவணை மென்பொருள் தேதி என்று நினைத்துக்கொண்டது.
நான்கு வருடம் அந்த மரபணு
மார்ச் முதல் நாளாகவே வாழ்ந்தது.
நல்லவேளை, யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை.

தொலைபேசி அடித்தது.
"முதல் மாடியில்தான் நிற்கிறேன், இஷ்பெல்.
பார்லி அறை இல்லை. தபால்பெட்டிகள்தான் இருக்கின்றன."

இறங்கிப் போனேன்.
வரவேற்பு மேசையருகே, ஈரக் குடையோடு.
அவள் ஊரில் செருப்பு படும் முதல் தரையே ஒன்று.
எங்கள் ஊரில் அதற்கு எண்ணே கிடையாது;
ஏறிய பிறகுதான் கணக்குத் தொடங்கும்.

இதை நான் சொல்லி முடித்தேனா,
சொல்லும்போதே நிறுத்திவிட்டேனா, நினைவில்லை.
முதலில் யார் முகம் மாறியது என்பதில்
எங்களுக்குள் இன்றும் தகராறு.

அவள் உள்ளங்கையை விரித்தாள்.
நாங்கள் விரலை எண்ணுகிறோம், என்றாள்.
நான் இடுக்குகளைத் தொட்டுக் காட்டினேன்:
நாங்கள் இவற்றை. கட்டைவிரலுக்கு முன்னால் இருக்கிறதே
வெறும் காற்று, அது சுழியம்.

இரண்டும் சரி.
ஆனால் ஒருவர் கோப்பை மற்றவர் வாசித்தால்
உலகம் ஓர் எழுத்து நகர்ந்துவிடும்.

மின்தூக்கியில் சொன்னாள்:
"பிறந்த அன்றே எனக்கு ஒரு வயது.
பிறகு ஒரு சட்டம் வந்து என் வயதைக் குறைத்தது.
அம்மா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை."

யார் மாறுவது?
அவர்களைப் பின்பற்றி மூவாயிரம் பேர்,
எங்களிடம் பதினோரு வருடக் கோப்புகள்.
யாரும் மாறவில்லை.
நடுவே நிற்க ஒரு சின்ன நிரல் எழுதினோம்,
பத்தொன்பது வரி, அதில் வேலை செய்வது ஒரே வரி:
தொடக்கத்தில் ஒன்றைக் கழி.
முடிவைத் தொடாதே.
முடிவு இருவருக்கும் ஒன்றுதான்.

மறுபடி ஓட்டினோம்.
அறுந்தது, என்றன இரண்டும், ஒரே குரலில்.
வசந்தத்தில் அச்சேறிய என் கட்டுரையில்
பாதகமில்லை என்று இருக்கிறது.
இதழுக்குத் திருத்தக் கடிதம் எழுத வேண்டும்;
மூன்று முறை தொடங்கி மூன்று முறை அழித்தேன்.

மாலையில் செடியைப் பார்க்கக் கேட்டாள்.
கண்ணாடிக்குடிலில், புரதம் அறுந்துபோன அந்தப் பார்லி
கதிர் முற்றி, கழுத்து வளைந்து,
மணி மணியாக நின்றது.
இது எப்படி? என்றேன்.
அவள் கேட்டது வேறு.
தொட்டியின் சீட்டைப் புரட்டி, நாற்பத்தொன்று என்று வாசித்துவிட்டு,
என்னைப் பார்த்தாள்:

"எதிலிருந்து எண்ணி?"