ஓடும் பெண், நீலகிரி

கோத்தகிரியில், டானிங்டன் பக்கம்,
உரக்கடைக்கு மேலே ஓர் அறை.
ஞாயிறு நாலு மணிக்குக் கூடுவோம்.
பொட்டாஷ் வாசனை எங்களுக்கு முன்பே படி ஏறியிருக்கும்.

ஐந்து பேர். ஓடுகிறவர் ஒருவரும் இல்லை.
இல்லை, பெள்ளி மாஸ்டர் ஓடியிருக்கிறார்,
தொண்ணூற்றொன்றில், மாவட்டப் போட்டி, ஐயாயிரம் மீட்டர்.
எவ்வளவு நேரம் என்று கேட்டால்
“கடிகாரம் பிடித்தவர் டீ குடிக்கப் போய்விட்டார்” என்பார்.
ஆகவே அவர் கலைக்களஞ்சியத்தில் இல்லை.
அவர் எழுதிய ‘நெடுந்தூர ஓட்டம்’ இருக்கிறது:
பதினோரு பத்தி, இருபத்தாறு சான்று.

நாங்கள் தொடங்கியபோது
‘ஓட்டம்’ என்ற பக்கத்தில் மூன்றே வரி.
அதில் ஒன்று கிரிக்கெட்டைப் பற்றியது.

சொற்களில்தான் முதலில் மூச்சு வாங்கினோம்.
தொடரோட்டத்தில் கைமாறுகிற அந்தக் குழலுக்கு என்ன பெயர்?
கோல் என்றாள் பெனடிக்டா. தடி என்றார் மாஸ்டர்.
குச்சி என்றான் ஹாலன், பச்சைத் தேயிலை எடை போடுகிறவன்,
சிரிக்காமல்.
மின்சாரம் போய் வந்தது. கோல் நின்றது.
தொடையின் பின்தசைக்கு ஒரு மாலை முழுதும் போயிற்று.
பெனடிக்டா அரசு மருத்துவமனைச் செவிலி;
எழுந்து, திரும்பி நின்று, தன் காலையே தட்டிக்காட்டி
“இது. இதற்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்?”
எந்த வீட்டிலும் ஒன்றும் சொன்னதில்லை.
வலித்தால் கால்வலி. அவ்வளவுதான்.

முதல் வாக்கியம் என்னுடையது:
‘நடையில் ஒரு காலாவது எப்போதும் தரையில் இருக்கும்;
ஓட்டத்தில் இரு கால்களும்
தரையை பிரிந்திருக்கும் ஒரு கணம் உண்டு.’
எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்திருந்தேன்.
எனக்கு இடது முழங்கால் மடங்காது.
யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அந்தக் கணத்துக்கு ஒரு படம் வேண்டும் என்றார்கள்.
மறு ஞாயிறு விடியல், கட்டபெட்டுச் சாலை.
மூடுபனி தேயிலையை விட்டு எழவில்லை.
ஹாலன் ஓடினான், திரும்பி வந்து மறுபடி ஓடினான்;
ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒரு செருப்பு
தார்ச்சாலையில் ஒட்டியே இருந்தது.
ஷமீம் பதினாலு எடுத்துப் பதினாலையும் அழித்தாள்.
“உனக்கு ஓடவே தெரியவில்லை.”

அப்போது வளைவில், பால்வண்டி நிற்கும் இடத்தில்,
ஒரு பாறை தலை தூக்கியது.
காட்டெருமை.
“யாரும் ஓடாதீர்கள், மெதுவாகப் பின்னால்…” என்று
மாஸ்டர் தொடங்கிய வாக்கியம்
ஐம்பது அடி தள்ளி அவரோடு போய் முடிந்தது.
நான் மதகுச் சுவரோடு ஒட்டி நின்றேன்.
அது என்னைப் பார்த்தது. மூக்கிலிருந்து ஆவி.
பிறகு யாரையும் துரத்தாமல்
காரட் பாத்திக்குள் இறங்கிப் போயிற்று.

ஷமீமின் விரல் பயத்தில் அழுந்தியிருந்தது.
சாய்ந்த சாலை, கலங்கிய சில்வர் ஓக் மரங்கள்,
நடுவில் பெனடிக்டா,
இரவுப் பணி முடிந்து நேரே வந்தவள்,
சேலையை இரு கையாலும் தூக்கிப் பிடித்து,
கம்பளிக் குல்லா நழுவ,
தரைக்கும் அவளுக்கும் நடுவே
ஒரு சாண் வெளிச்சம்.

படத்தை ஏற்றினோம்.
விளக்கத்தில் எருமை வருமா வராதா என்று
இரண்டு வாரம் வாதம்.
“படத்தில் எருமை இல்லை. சான்றில்லாத எருமை” என்றான் ஹாலன்.
பெயரும் வேண்டாம் என்றாள் அவள்,
தலைமைச் செவிலி பார்த்துவிடுவாராம்.
‘ஓடும் பெண், நீலகிரி’ என்று மட்டும் இருக்கிறது.

நேற்று இரவு இரண்டு பதினேழுக்கு
நாங்கள் அறியாத யாரோ ஒருவர்
என் வாக்கியத்துக்குள் வந்து
ஒரு ‘ப்’ சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்.
எந்த ஊரில் விழித்திருந்தாரோ.
விட்டது நான்தான்.
வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன்.
தரையைப் பிரிந்திருக்கும்:
உதடுகள் ஒன்றையொன்று அழுத்தி, நின்று,
விடுபட்டன.